பின்பக்கக் கூடுதல் விளக்கு: ரிலே, ஃபியூஸ், எர்த் மூன்றும் செய்யும் வேலை

தார், ஜிம்னி, ஜிப்ஸி, கூர்கா என்று மலைப்பாதைக்கும் காட்டுப்பாதைக்கும் போகிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் இரவில் ஒரே குறைதான். முன்னால் வெளிச்சம் தாராளமாக இருக்கும், பின்னால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. கம்பெனியிலிருந்து வரும் ரிவர்ஸ் லைட்டில் பல வண்டிகளில் 21 வாட் பல்புதான் இருக்கிறது. அது பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை காட்டவும் வீட்டு வாசலில் வண்டியை ஒதுக்கவும் போதும். ஒருபக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை என்றிருக்கும் தடத்தில் ஐம்பது அடி பின்னால் எடுக்க அந்த வெளிச்சம் உதவாது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கண்ணாடி வழிப் பார்வையிலும் ஒரு பகுதியை மறைக்கிறது. அதனால்தான் பலர் பின்பக்கம் இரண்டு எல்இடி விளக்குகளைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

விளக்கைப் பொருத்துவது எளிது, வயரிங்கில்தான் குழப்பம். "ரிலே போட்டால் வெளிச்சம் கூடும்", "ரிலே இருந்தால் ஃபியூஸ் வேண்டாம்", "எல்இடிக்கு ரிலேயே தேவையில்லை", "எர்த்தை எங்கே கொடுத்தால் என்ன, எல்லாம் இரும்புதானே" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு பாகத்தின் வேலையை இன்னொரு பாகத்தின் தலையில் ஏற்றுவதால் வரும் பேச்சு இது. எந்தப் பாகம் எதற்கு என்று பிரித்துப் புரிந்துகொண்டால் மீதி வேலை தானாக விளங்கும்.

பம்ப்செட் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்

கிணற்று மோட்டாரை ஓடவிடப் பச்சைப் பட்டனை விரலால் அழுத்துகிறோம். மோட்டாருக்குப் போகும் பெரிய மின்சாரம் அந்தப் பட்டன் வழியாகப் போவதில்லை. பட்டன் அனுப்புவது சின்ன மின்சாரம். அது பெட்டிக்குள் இருக்கும் சுருளுக்குப் போகிறது, சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது, 'டக்' என்று தடித்த செம்பு முனைகள் சேர்கின்றன. மோட்டாருக்கான மின்சாரம் அந்த முனைகள் வழியாகவே பாய்கிறது.

வண்டியில் இருக்கும் ரிலேவும் இதே வேலையைத்தான் செய்கிறது, அளவு மட்டும் தீப்பெட்டியைவிடச் சிறியது. சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. உள்ளே இருக்கும் சுருளுக்குக் காயில் என்று பெயர், சேர்ந்து பிரியும் முனைகளுக்குக் கான்டாக்ட் என்று பெயர். சாதாரண 12 வோல்ட் ரிலேயின் காயில் எடுத்துக்கொள்வது 0.15 ஆம்பியர் அளவுதான். அதன் கான்டாக்ட்டோ 30 அல்லது 40 ஆம்பியரைத் தாங்கும்.

ரிலேயின் அடியில் இருக்கும் கால்களில் எண் போட்டிருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு, 87 என்பது விளக்குக்குப் போகும் வயருக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கான்டாக்ட் இருக்கிறது. 85, 86 இரண்டும் காயிலின் இரு முனைகள். 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் பாசிட்டிவ், 85-க்கு எர்த் என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சில ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்திருப்பார்கள். காயில் அணையும்போது எழும் உயர் வோல்ட் துடிப்பு வண்டியின் எலக்ட்ரானிக்ஸைத் தாக்காமல் அது தடுக்கும். அந்த வகையில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுத்தால் டயோடு நேரடி ஷார்ட் ஆகிப் புகைந்துவிடும். புதிய வண்டிகளுக்கு டயோடு வைத்த ரிலேதான் நல்லது, ஆனால் கால் மாறக் கூடாது.

ஐந்து கால் ரிலேயில் 87a என்று கூடுதலாக ஒன்று இருக்கும். காயிலில் மின்சாரம் இல்லாதபோது சேர்ந்திருக்கும் முனை அது. விளக்கு வயரைத் தவறி அதில் செருகினால், சுவிட்சை அணைத்தால் விளக்கு எரியும், போட்டால் அணையும். குழப்பமே வேண்டாம் என்றால் நான்கு கால் ரிலே வாங்குங்கள்.

இதுவரை பார்த்தது: ரிலே ஒரு சுவிட்ச். மின்சாரத்தை அது கூட்டவும் கூட்டாது, ஷார்ட் ஆனால் தடுக்கவும் செய்யாது.

பிறகு ஏன் ரிலே போட்டதும் வெளிச்சம் கூடுகிறது?

கூடுவது உண்மைதான், காரணம் வேறு. பழைய வண்டிகளில் விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து, சுவிட்சைக் கடந்து, மெல்லிய வயரில் திரும்பிப் போகும். அந்த நீண்ட வழியில் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ரிலே வைக்கும்போது தடித்த வயரைப் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு இழுக்கிறோம். வெளிச்சத்தைக் கூட்டுவது அந்தத் தடித்த வயர்தான்.

வயரில் வோல்ட் இறங்குவதை வோல்டேஜ் டிராப் என்கிறோம். பேட்டரியிலிருந்து பின் பம்பர் வரை வளைந்து நெளிந்து போக 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடையில் '0.5 ஸ்கொயர்' என்று கேட்டால் கிடைக்கும் வயரின் செம்புக் குறுக்குவெட்டு அரை சதுர மில்லிமீட்டர். அதன் மின்தடை ஒரு மீட்டருக்கு சுமார் 0.04 ஓம். 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் 9 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது வழியிலேயே 1.8 வோல்ட் போய்விடும். ஹாலஜன் இழைக்கு வோல்ட் சற்றுக் குறைந்தாலும் ஒளி மளமளவென்று குறையும் என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் நஷ்டம். அதே தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட்தான்.

எல்இடியில் கதை சற்று வேறு. 20 வாட் எல்இடி இரண்டு சேர்ந்து 40 வாட். வண்டி ஓடும்போது இருக்கும் 13 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர் சொச்சம். 1.5 ஸ்கொயர் வயரில் 0.2 வோல்ட் இறங்கும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நல்ல எல்இடி விளக்கின் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட், வோல்ட் சற்றுக் குறைந்தாலும் ஒளியை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் எல்இடிக்கு ரிலே எதற்கு?

கேள்வி நியாயமானது. 10 வாட் விளக்கு ஒன்றே ஒன்று, வண்டியும் பழைய ஜிப்ஸி என்றால் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்தே எடுக்கலாம், ரிலே வேண்டியதில்லை. அதற்கு மேலே போனால் ரிலே போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பழைய முறை வண்டிகளில் ரிவர்ஸ் லைட்டை இயக்குவது கியர்பாக்ஸில் இருக்கும் ஒரு சிறிய சுவிட்ச். தன் பல்புக்கு அளவெடுத்த அந்தச் சுவிட்சின் முனைமேல் கூடுதலாக 3 ஆம்பியர் ஏற்றினால் சீக்கிரம் கருகும், பிறகு கம்பெனி ரிவர்ஸ் லைட்டும் சேர்ந்து போகும். இரண்டு, புதிய வண்டிகளில் பல விளக்குகளைக் கட்டுப்படுத்துவது கணினிப் பெட்டி. எதிர்பாராத சுமை வந்தால் அது கோளாறு என்று எடுத்துக்கொண்டு அந்த லைனையே அணைத்துவிடலாம். ரிலேயின் காயில் கேட்பது 0.15 ஆம்பியர்தான். அந்த அளவு கியர்பாக்ஸ் சுவிட்சுக்கும் பாரமில்லை, கணினிக்கும் பிரச்சினையில்லை.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் அதிகம். உள்ளே பழுதாகிற விளக்கை எந்த ஃபியூஸும் காப்பாற்றாது. ஃபியூஸ் என்பது அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் முதலில் உருகி அறுந்துபோக வேண்டிய இணைப்பு. பின்பக்கம் போகும் வயர் எங்கோ தகட்டு விளிம்பில் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டது என்றால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். சில நொடிகளில் வயர் பழுக்கக் காய்ந்து, மேலிருக்கும் பிளாஸ்டிக் தீப்பிடிக்கும். அதற்குமுன் அறுந்துபோவதே ஃபியூஸின் கடமை.

அதனால் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பக்கத்தில், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால் அதற்கு முன்னால் இருக்கும் 5 மீட்டர் வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

அளவு: விளக்கு இழுக்கும் மின்சாரத்தைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்குக்குள், ஆனால் வயர் தாங்கும் அளவுக்குக் கீழே. 3 ஆம்பியர் எல்இடி ஜோடிக்கு 7.5 ஆம்பியர் போதும், பிளேடு ஃபியூஸில் அது பழுப்பு நிறம். 9 ஆம்பியர் ஹாலஜன் ஜோடிக்கு 15 ஆம்பியர், நீல நிறம். 1.5 ஸ்கொயர் வயருக்கு அதற்கு மேல் போகாதீர்கள். ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால் பெரிய ஃபியூஸ் போடுவதும் சிகரெட் தாளைச் சுற்றுவதும் வண்டியை எரிக்கும் வழி. எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: விளக்குப் பெட்டியில் அச்சடித்த வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான விளக்குகளில் 72 வாட் என்று போட்டிருக்கும், அளந்தால் அதில் பாதிகூட வராது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து விளக்குக்குத் தொடராக இணைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். ஃபியூஸ் கணக்கை அந்த எண்ணில் போடுங்கள்.

எர்த்: பாதிக் கோளாறுகள் பிறக்கும் இடம்

பேட்டரியிலிருந்து போன மின்சாரம் விளக்கைக் கடந்து திரும்பவும் பேட்டரிக்கு வந்தாக வேண்டும். திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் பாடியோடு சேர்ந்திருப்பதால், விளக்கின் கறுப்பு வயரைப் பாடியில் கொடுத்தால் போதும். ஆனால் பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பவுடர் கோட்டிங் செய்த ஸ்டீல் பம்பரும், பெயின்டுக்கு மேலே ரப்பர் வைத்து மாட்டிய கேரியரும் அப்படித்தான். பின்கதவில் கொடுத்தால் மின்சாரம் கீல் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அங்கே கிரீஸும் துருவும் சேர்ந்தே இருக்கும்.

சரியான முறை இது. பின் பகுதியில் பாடியோடு வெல்டிங் செய்த ஒரு போல்ட்டையோ, கம்பெனியே எர்த் கொடுத்திருக்கும் இடத்தையோ தேர்ந்தெடுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியச் செய்யுங்கள். வயர் முனையில் வளைய லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்து, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். அதன்மேல் வாஸ்லின் அல்லது கிரீஸ் பூசினால் சுரண்டிய இடம் துருப்பிடிக்காது.

எர்த் சரியில்லை என்றால் அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும். பிரேக் மிதித்தால் கூடுதல் விளக்கு மங்கும், இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து துடிக்கும். திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்புகளின் இழை வழியாகப் புகுந்து வீடு திரும்பப் பார்க்கிறது. சோதிப்பது எளிது: விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் கறுப்பு வயர் இணைப்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் மறுபடி சுரண்டுங்கள்.

சுருக்கமாக: திறந்து மூடுவது ரிலே, வயரைத் தீயிலிருந்து காப்பது ஃபியூஸ், திரும்பும் வழி எர்த். மூன்றில் எதையும் இன்னொன்றால் ஈடுகட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 108, வண்டியின் பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிற ஒளியைக் காட்டக் கூடாது என்கிறது. பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெள்ளை விளக்குக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே பொதுச் சாலையில் இந்த விளக்கு ரிவர்ஸ் கியரோடு மட்டும்தான் எரிய வேண்டும். முன்னோக்கி ஓடும்போது பின்னால் வருபவரின் கண்ணில் வெள்ளை ஒளி பாய்ந்தால் விபத்துக்கு நீங்கள்தான் காரணம். முகாமிலோ தனியார் நிலத்திலோ வண்டி நிற்கும்போது தனியாக எரியவிட விரும்பினால் அதற்கு ஒரு வழி இருக்கிறது.

மூன்று நிலை சுவிட்ச், பின்னோட்டம்

நடுவில் அணைப்பு, மேலே ஒரு நிலை, கீழே ஒரு நிலை என்று மூன்று கால் உள்ள சுவிட்ச் வாங்குங்கள். நடுக்காலிலிருந்து ரிலேயின் 86-க்கு வயர். மேல்காலுக்கு ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயர். கீழ்க்காலுக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைன். மேல் நிலையில் விளக்கு ரிவர்ஸ் கியரோடு எரியும், கீழ் நிலையில் தனியாக எரியும், நடுவில் எப்போதும் அணைந்திருக்கும்.

சுவிட்சை மிச்சம் பிடிக்க இரண்டு லைனையும் ஒன்றாக முறுக்கி 86-இல் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது தனியாக எரியவிடும்போது அந்த மின்சாரம் ரிவர்ஸ் லைட் வயருக்குள் எதிர்த்திசையில் ஏறும். கம்பெனி ரிவர்ஸ் லைட் எரியும், கேமரா இருந்தால் திரையும் ரிவர்ஸ் என்று மாறும், கணினிப் பெட்டியும் பாதிக்கப்படலாம். இதைத்தான் பின்னோட்டம் என்கிறோம். மூன்று நிலை சுவிட்ச் இருந்தால் இரண்டு லைனும் ஒன்றையொன்று தொடவே முடியாது.

கீழ்க்காலுக்குப் பேட்டரியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். மறந்துபோய் இரவு முழுக்க எரிந்தால் பத்து மணி நேரத்தில் 30 ஆம்பியர்-அவர் காலி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

வாங்க வேண்டியவை

20 வாட் அளவில் அகலமாகப் பரவும் எல்இடி விளக்கு 2. ஹோல்டரோடு 12 வோல்ட் நான்கு கால் ரிலே 1. மூடியுள்ள நீர்புகா ஃபியூஸ் ஹோல்டர் 3, அவற்றுக்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் 3 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும், உதிரியாகவும் ஒரு செட். 1.5 ஸ்கொயர் சிவப்பு வயர் 7 மீட்டர், கறுப்பு 2 மீட்டர். 0.5 ஸ்கொயர் வயர் இரண்டு நிறத்தில் 5 மீட்டர் வீதம். நெளிவுக் குழாய் 6 மீட்டர். மூன்று நிலை சுவிட்ச், வளைய லக், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்), ரப்பர் குரோமெட் (தகட்டுத் துளையில் வயர் உரசாமல் காக்கும் வளையம்), கேபிள் டை. விளக்கு வயரைக் கழற்றி மாட்ட நீர்புகா இரண்டு பின் கனெக்டர் இருந்தால் பம்பரைக் கழற்றும் நாளில் அருமை தெரியும்.

விளக்கில் ஐபி67 அல்லது அதற்கு மேல் பாருங்கள். முதல் எண் 6 என்றால் தூசி புகாது, இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஓடையைக் கடக்கும்முன் விளக்கை அணைத்து ஆறவிடுவது நல்லது. சூடான விளக்கு குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, எந்தச் சிறு இடுக்கிலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

வேலையின் வரிசை

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். விளக்குகளைப் பொருத்துங்கள். பம்பரில் வைத்தால் தரை நன்றாகத் தெரியும், ஆனால் சேறு அப்பும். கேரியரின் பின்முனையில் வைத்தால் தூரம் தெரியும், ஆனால் தூசியிலும் மூடுபனியிலும் ஒளி திரும்பிக் கண்ணாடியில் அடிக்கும். பம்பரின் இரு ஓரத்தில், கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, சற்றுக் கீழே சாய்த்து வைப்பதே பெரும்பாலான தடங்களுக்கு ஏற்றது. ஸ்டெப்னியும் அப்போது குறுக்கே வராது.

ரிலேயை பானட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மேல்நோக்கி வைத்தால் ஹோல்டர் கிண்ணமாகித் தண்ணீர் தேங்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 30. 85-ஐப் பக்கத்திலேயே பாடியில் கொடுத்துவிடலாம். 87-இலிருந்து சிவப்பு வயர் பின்னால் போகட்டும். ரிலே முன்னால் இருப்பதில் ஒரு நன்மை, விளக்கு அணைந்திருக்கும்போது வண்டியின் நீளம் முழுக்க ஓடும் அந்த வயரில் மின்சாரமே இருக்காது.

வயரை முடிந்தவரை வண்டிக்குள், கதவுப் படிப் பிளாஸ்டிக்குக்கு அடியில் கொண்டுபோங்கள். அடியில்தான் போக வேண்டுமென்றால் நெளிவுக் குழாயில் நுழைத்து, சைலன்சர் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட், சஸ்பென்ஷன் மூன்றையும் விட்டு விலக்கி, சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் குரோமெட் கட்டாயம். விளக்கில் நுழையும்முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ரிவர்ஸ் லைட் வயரைக் கண்டுபிடிக்க, பேட்டரியை மீண்டும் மாட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டு, ரிவர்ஸ் கியரில் வையுங்கள். கியர் விழும்போது மட்டும் எந்த வயரில் 12 வோல்ட் வருகிறதோ அதுதான். மீட்டரில் வோல்ட் நிலையாக இல்லாமல் குறைந்த எண்ணில் தடுமாறினால், கணினிப் பெட்டி அந்த லைனைத் துடிப்பாக இயக்குகிறது என்று பொருள். அந்த லைனில் ரிலே நடுங்கும், அப்படிப்பட்ட வண்டியை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். நிலையாக வந்தால் நெகட்டிவை மறுபடி கழற்றிவிட்டு இணையுங்கள். கடித்துப் பிடிக்கும் கிளிப்பில் எடுக்காதீர்கள், அது இழைகளை வெட்டும், ஈரம் புகுந்து பச்சை பூக்கும். சால்டர் வைத்தோ கிரிம்ப் செய்தோ ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இணைப்பை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, சாவி லைனில் இன்னொன்று. ஏனென்றால் வண்டியின் ரிவர்ஸ் ஃபியூஸ் பல சமயம் வேறு பாகங்களுக்கும் பொதுவானது. உங்கள் மெல்லிய வயர் ஷார்ட் ஆனால் அவை எல்லாம் சேர்ந்து நிற்கக் கூடாது.

எரியவில்லை என்றால்

முதலில் காதைக் கொடுங்கள். சுவிட்ச் போடும்போது ரிலே 'டக்' என்றால் காயில் பக்கம் சரி. கோளாறு 7.5 ஃபியூஸ், கான்டாக்ட், சிவப்பு வயர், எர்த் என்ற வரிசையில் இருக்கும். சத்தமே இல்லையென்றால் 3 ஆம்பியர் ஃபியூஸ், சுவிட்ச், 86, 85-இன் எர்த் என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது எரிந்து, கரடுமுரடில் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் கிரிம்ப் தளர்வு. லக்கைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும்.

எல்லாம் எரிந்தபின் இருட்டில் ஒருமுறை சோதியுங்கள். சுவிட்சைக் கீழ் நிலையில் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். கூடுதல் விளக்குகள் மட்டும் எரிய வேண்டும். கம்பெனி ரிவர்ஸ் லைட்டும் சேர்ந்து மினுங்கினால் இரண்டு லைன் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது, சுவிட்சின் கால்களைத் திரும்பப் பாருங்கள்.